ரூபிக்கு ஒரு வருத்தமும் இல்லையாம்

என் மச்சாள் ஜெயரூபிக்குப் பெரிதாக ஒரு வருத்தமும் இல்லை, நோய்நொடி ஒன்றும் இல்லை என்று இரண்டு வருடத்தில் ஏழு டொக்டர்மார் சொன்னார்கள். ஏழு என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அவளுடைய கிளினிக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்த ஏழில் ஒன்றைக்கூட மனிசர் வாசிக்க முடியாது என்பது வேறு கதை. அந்த இரண்டு வருடத்தில் அவளுடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிப் போனது. முகம் வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி ஆனது. வருத்தம் இல்லாதவளுக்கு ஏன் ஐயா கை தொங்குகிறது என்று கேட்டால், "அம்மா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்பார்கள்.

என் பெயர் தவமலர். வட்டக்கச்சியில் இருக்கிறேன். ரூபியின் அண்ணன் தங்கராசாவைக் கட்டினவள் நான். அவர் 2009 தை மாதம் செல்லடியில் குண்டுபட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது நானும் ரூபியும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். வாய் இல்லாதவள் இந்த நாட்டில் ஒரு நம்பர் துண்டுகூட எடுக்க முடியாது.

ரூபி யார் என்று முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவள் எதை இழந்தாள் என்று உங்களுக்கு விளங்காது. அவள் லான்ட்மாஸ்டர் ஓட்டுகிறவள். கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து உழுகிற இரண்டு சில்லு மெசின். மீள்குடியேறி வந்த புதிதில் பத்துப் பெண்களுக்குச் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள். மற்ற ஒன்பது பேரும் அதன் சத்தத்துக்கே பயந்து ஓடினார்கள். ரூபி மட்டும் கைப்பிடியைப் பிடித்தாள், முதல் நாள் வேலியை உடைத்தாள், இரண்டாம் நாள் கிணற்றுக் கட்டில் மோதினாள், ஒரு கிழமையில் வயலுக்குள் இறங்கினாள். பக்கத்து வயல்கார மயில்வாகனம் அண்ணை வரம்பில் நின்று, "பொம்பிளை உழுத வயலில நெல்லு முளைக்குமோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அடுத்த காலபோக விதைப்புக்கு ஆள் பிடிக்க முடியாமல் விடியக் காலமை அவள் வாசல் படலையில் வந்து நின்றவரும் அவர்தான்.

"என்னண்ணை, முளைக்காதெல்லே?" என்றாள் ரூபி.

"எடி பிள்ளை, அது அண்டைக்குச் சொன்ன கதை. வா, மழை வரப்போகுது."

அப்படிப்பட்டவள். உயர்தரம் படித்துச் சித்தியடைந்தவள், கடிதம் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். கணவன் சுதாகரன் மேசன் வேலை. மகள் பிரஷாந்தினிக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது ரூபியின் இரண்டு கைகளும்தான். சேற்றுக்குள் திமிறுகிற மெசினை ஒரு வெட்டில் திருப்புகிற கைகள் அவை.

2023 சிறுபோக விதைப்புக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்ட கிழமை, அவளுடைய வலது கை கைப்பிடியை விட்டுவிட்டது. அவள் விடவில்லை, கை விட்டது. மெசின் வரம்பேறி அடுத்தவன் வயலுக்குள் போய் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு வயிற்றுக்குள் குத்து வந்தது. வாய்க்கால் கரையில் இரண்டாக மடிந்து இருந்துவிட்டாள். "மச்சாள், வாய்க்குள்ள சதக்காசை வைச்சுச் சூப்பினமாதிரிக் கிடக்கு. தேத்தண்ணி குடிச்சாலும் அந்த ருசிதான்" என்றாள். பிறகு மறதி. அடுப்பில் பானையை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் மகளைக் கூப்பிட வாயெடுத்தவள், பெயர் வராமல் அப்படியே நின்றாள். அன்றைக்குத்தான் அவள் பயந்ததை நான் கண்டேன்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எழுதி என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவா? முதலாவது டொக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வயித்துக்க குத்து, கை விறைக்குது, வாய்..." என்று ரூபி தொடங்கினாள். வயிறு என்றதோடு அவர் எழுதி முடித்துவிட்டார். கஸ்ட்ரிக். கையும் வாயும் மேசைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. இரண்டாவது டொக்டர் இரத்தம் குறைவு என்றார். "கீரை, மரக்கறி சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டார். யாரிடம் கேட்கிறார் பாருங்கள்! வீட்டைச் சுற்றிக் கீரைப்பாத்தி வைத்திருக்கிறவளிடம்! புழு மருந்தும் இரும்புக் குளிசையும் தந்தார்கள். குளிசையைப் போட்டு வயிற்றுக் குத்து இரண்டு மடங்காகியதுதான் மிச்சம். மூன்றாவது ஆள் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு தேய்ந்துபோய் இருக்கிறது, அதுதான் கை விறைப்பு என்று ஒரு கண்டறியாத கழுத்துப் பட்டியைக் கட்டிவிட்டார். பங்குனி வெயிலில் அந்தப் பட்டியோடு அவள் வயலில் நின்றாள்.

"பாருங்கோ மச்சாள், பட்டி கட்டின மாடு தானே மெசின் பிடிச்சு உழுகுது" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திக்கொண்டுதான் வந்தது. வயிற்றுக்காரர் வயிற்றைப் பார்க்கிறார், கழுத்துக்காரர் கழுத்தைப் பார்க்கிறார். இந்த இரண்டுக்கும் சொந்தக்காரியாக ஒரு மனிசி கதிரையில் இருக்கிறாள் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் டொக்டர்மாரை மட்டும் ஏசிக்கொண்டு போவது நியாயம் இல்லை. ஏழு பேரில் மூன்று நாலு பேராவது ஒரு கேள்வி கேட்டார்கள். "முந்தி ஏதும் ஒப்பரேசன், காயம், விபத்து?" என்று. ரூபி வாய் திறக்க முன்னமே நான் சொல்லிவிடுவேன்: "இல்லை." ரூபியும் "இல்லை" என்பாள். அவள் நடக்கும்போது வலது கால் சற்று இழுபடும். அதைக் கண்டு கேட்டவருக்குச் சின்ன வயதில் மரத்தால் விழுந்தவள் என்று சொன்னேன். எல்லாம் பொய்.

2009 வைகாசியில் நாங்கள் சண்டைக்குள் இருந்து வட்டுவாகல் பக்கமாக வெளியே வந்தோம். அதற்கு இரண்டு நாள் முந்தி, பங்கருக்குள் இருந்து தண்ணீருக்கு எழும்பிய ரூபிக்கு வலது இடுப்பில் சன்னம் பட்டது, துவக்குக் குண்டு. உள்ளே போனது, வெளியே வரவில்லை. யாருடைய சன்னம் என்று என்னைக் கேட்காதீர்கள், சன்னத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை. மருந்து இல்லை, டொக்டர் இல்லை. என் சேலையைக் கிழித்துக் கட்டினேன். அவள் ஒரு நாளும் இயக்கத்தில் இருந்து துவக்கு எடுத்தவள் இல்லை. ஆனால் இருபத்துமூன்று வயது, உடம்பில் துவக்குச் சூடு. அந்த நேரத்தில் அது போதும். ஆமிக்காரர் சோதிக்கிற வரிசையில் எங்களுக்கு முன்னால் காலில் கட்டோடு நொண்டி வந்த ஒரு பெட்டையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய் குழறிக்கொண்டு நின்றாள். நான் ரூபியின் காதுக்குள் சொன்னேன்: "நொண்டாதை. காயம் இருக்கோ எண்டு கேட்டா இல்லை எண்டு சொல்லு. செத்தாலும் இல்லை எண்டு சொல்லு."

அவள் நொண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தாள். எப்படி நடந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகாமில் எனக்குப் பல்லுவலி என்று சொல்லிச் சொல்லிக் குளிசை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். காயம் ஆறிவிட்டது. சன்னம் உள்ளே கிடந்தது. ஊருக்கு வந்த பிறகும் விட்டார்களா? பதிவு, மறுபதிவு, படம் பிடிக்கிற பதிவு. வீட்டுக்குக் கூரை கேட்டால் ஒரு படிவம், ஆடு கேட்டால் ஒரு படிவம். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு மூலையில் அந்தக் கேள்வி இருக்கும். ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை, இல்லை. பதினாறு வருடம் இப்படிச் சொன்னால் உங்களுக்கும் அது பழகிவிடும். கொப்பியும் பேனையுமாக ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால், அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தால் என்ன, காக்கி போட்டிருந்தால் என்ன, எங்கள் வாயில் இருந்து வருவது ஒன்றுதான். ஆறின காயத்துக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடுப்பு இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. வயிற்றுக்கும் வாய் ருசிக்கும் இடுப்பில் கிடக்கிற ஒன்றுக்கும் என்ன சம்பந்தம்?

நாலாவது டொக்டர்தான் என் கோபத்தைக் கிளறிவிட்டவர். கொப்பியைப் புரட்டினார், பேனையை மூடினார், "வீட்டில பிரச்சினையோ? அவர் குடிக்கிறவரோ?" என்று ரூபியிடம் கேட்டார்.

"இல்லை டொக்டர்."

"பிறகேன் யோசிக்கிறியள்? உங்களுக்கு ஒண்டுமில்லை. எல்லாம் ரென்சன்."

"டொக்டர், ரென்சன் வந்தா கை தொங்குமோ?" என்றேன் நான். "அப்பிடியெண்டா வன்னியில ஒருத்தரும் கை தூக்கேலாதே!"

என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளை மனநல கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த அம்மா நல்லவர், பொய் சொல்லக்கூடாது. முக்கால் மணி நேரம் ரூபியோடு கதைத்தார். "இது மனசில வந்த வருத்தம் இல்லை, உடம்பைத்தான் வடிவாப் பாக்கவேணும்" என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை ஐந்தாவது, ஆறாவது டொக்டர்மாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் கொப்பிக்குள் செருகினார்கள். அது செருகினபடியே கிடந்தது, ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. செய்வினை என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், கிட்னி என்றார்கள், பெண்களுக்கு நாற்பது வயதில் வருகிறது என்றார்கள். உழைக்கச் சோம்பல் பிடித்த பஞ்சியில் நடிக்கிறாள் என்றும் ஒரு வாய் சொன்னது. அந்த வாய் எதுவென்று எனக்குத் தெரியும், எழுதாமல் விடுகிறேன். சுதாகரன் பாவம், வாய் திறந்தால் சாமிக் கதைதான். முள்ளியவளையில் ஒருவர் நூல் ஓதிக் கட்டுவார் என்று கூட்டிக்கொண்டு போனான். தொங்குகிற கையில் கறுப்பு நூல் ஒன்றும் ஏறியது.

ரூபி என்ன செய்தாள் தெரியுமா? யாரும் பெயர் வைக்காத வருத்தத்தோடு தானே குடித்தனம் நடத்தப் பழகினாள். மறந்துபோகிறதை எல்லாம் கலண்டர் தாளில் எழுதி வைத்தாள்: பானை, கோழிக்கூடு, பிள்ளையின் ரியூசன். வலது கையில் பேனை நிற்காமல் போன பிறகு பிரஷாந்தினியைக் கொண்டு எழுதுவித்தாள். வயிறு குத்தினால் சாராயப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி வயிற்றோடு அமத்திக்கொண்டு சுருண்டு கிடப்பாள். வாயில் எப்போதும் ஒரு சொட்டுப் பழப்புளி. வலது கைக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒரு வார் செய்து, மணிக்கட்டை லான்ட்மாஸ்டர் கைப்பிடியோடு கட்டிக்கொண்டு உழுதாள்.

"எடி விசரி, மெசின் இழுத்தால் என்ன செய்வாய்?" என்று நான் கத்தினேன்.

"இழுத்தாக் கூடப் போறன். உழாமல் இருந்தா என்னத்தைத் தின்னுறது?"

2024 காலபோகத்தில் மெசின் இழுத்தது. சேற்றில் கால் சறுக்கி விழுந்தாள், மணிக்கட்டு வாரில் கட்டினபடி. வயலின் பாதித் தூரம் அவளை முகங்குப்புற இழுத்துக்கொண்டு போனது. மயில்வாகனம் அண்ணை ஓடி வந்து மெசினை நிற்பாட்டினார். தூக்கி எடுத்தபோது மூக்கும் வாயும் சேறு. அவள் முதலில் கேட்டது, "மெசினுக்கு ஒண்டுமில்லையே?" என்று.

இவ்வளவும் நடந்த பிறகுதான் ஏழாவது டொக்டர் தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதினார். திகதி ஐந்து மாதம் தள்ளி. போனால் மெசின் பழுது. இன்னும் மூன்று மாதம் தள்ளித் திகதி. கோதாரி விழுந்த மெசின்! எங்கள் லான்ட்மாஸ்டர் பழுதானால் ரூபி ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பூட்டிவிடுவாள். இதற்கு எங்கேயோ இருந்து ஆள் வரவேண்டுமாம். அந்த எட்டு மாதத்தில் கை முழுதாகத் தொங்கிவிட்டது. இடது கையால் சோறு சாப்பிடப் பழகினாள். ஆட்களுக்கு முன்னால் சாப்பிடமாட்டாள்.

இந்த வருடம் ஆனி மாதம் ஸ்கான் நாள் வந்தது. விடிய முதல் பஸ். ஸ்கான் அறையில் இருந்தது ஸஹீலா என்ற பிள்ளை, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முக்காடு போட்டு, கையில் படிவத்தோடு வந்து, எங்களுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்காத முதல் ஆள் அவள்தான்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள மெசின் ஏதும் வைச்சிருக்கிறாங்களா?"

"இல்லை."

"எலும்புக்குத் தகடு, ஆணி?"

"இல்லை."

"ஷெல் துண்டு, சன்னம், ஏதும் இரும்பு உடம்புக்குள்ள?"

"இல்லை" என்றாள் ரூபி. நானும் சேர்ந்து சொன்னேன்.

ஸஹீலா பேனையை வைத்துவிட்டாள். "அக்கா, உள்ளுக்கு இருக்கிறது பெரிய காந்தம். உடம்புக்குள்ள இரும்பு இருந்தா அது அசையும், சுடும். நரம்பு கிழிஞ்சாலும் கிழியும். நான் வவுனியாதான், எனக்கும் இந்த ஊர்க் கதையெல்லாம் தெரியும். இங்க வாற கனபேர் முதல்ல இல்லை எண்டுதான் சொல்லுவாங்க. அதாலதான் திரும்பக் கேக்கிறன். இருக்கா?"

ரூபி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இல்லை எண்டால் இல்லைதானே பிள்ளை" என்றேன்.

சரி என்று ஸஹீலா ரூபியை உடுப்பு மாற்றக் கூட்டிக்கொண்டு போனாள். ரூபி தாலி, தோடு, காப்பு எல்லாம் கழற்றி என் மடியில் தந்தாள். ஸஹீலா அவளுடைய கொண்டைக்குள் விரலை விட்டுத் தேடி, ஒரு சின்ன மயிர்க்கிளிப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதையும் விடக்கூடாது. இதுவே பறந்து போய் அடிக்கும்" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

நான் அந்தக் கிளிப்பைப் பார்த்தேன். நகத்தளவு கம்பி. இதுக்கே இப்படிப் பயப்படுகிறார்கள். அவளுக்குள் கிடப்பது இதைவிடப் பெரிது. எழும்பினேன், மடியில் இருந்த தாலியும் காப்பும் நிலத்தில் கொட்டின, கதவில் இரண்டு கையாலும் அடித்தேன்.

"நிப்பாட்டுங்கோ! பிள்ளை, நிப்பாட்டுங்கோ! இருக்கு! அவளுக்கு இடுப்புக்க இருக்கு!"

கதவு திறந்தது. ஆஸ்பத்திரிச் சட்டையோடு ரூபி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. வெளியே மர வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாருக்குக் கேட்டது, யார் எழும்பிப் போகிறார்கள் என்று பார்த்தாள். பதினாறு வருடத்துக்கு முந்தி அந்த வரிசையில் நின்ற அதே பெட்டை.

"மச்சாள், என்ன வேலை செய்திட்டியள்!" என்றாள்.

ஸஹீலா இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "ஒருத்தரும் வரமாட்டாங்க. இது உங்கட கிளினிக் கொப்பியில மட்டும்தான் இருக்கும். பயப்பிடாதீங்க, அக்கா" என்று ரூபியின் முதுகைத் தடவினாள். பிறகு டொக்டரைக் கூப்பிட்டாள். வந்தவர் எங்கள் பக்கத்துப் பெடியன்தான், சின்ன வயது. எடுத்த எடுப்பில் பாய்ந்தார்.

"ஏன் மறைச்சனீங்கள்? உள்ளுக்கு விட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமோ? ரெண்டு வருசமா அலையிறியள், ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை!"

எனக்கு வந்ததே கோபம்! "ஆரிட்டச் சொல்லுறது, டொக்டர்? காயம் இருக்கெண்டு சொன்னதுகளைக் கூட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால கண்டனான். பிறகு வீடு வீடா வந்து கேட்டுக்கொண்டு திரிஞ்சினம். கேக்கிறவையில ஆர் மருந்து தரக் கேக்கினம், ஆர் பிடிக்கக் கேக்கினம் எண்டு நாங்கள் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? நீங்கள் ஏழு பேர் பாத்தனீங்களே, ஒராளெண்டாலும் அவளைக் கட்டிலில படுக்கவைச்சுப் பாத்தனீங்களோ? பாத்திருந்தால் தழும்பு தெரிஞ்சிருக்குமே!"

2009இல் அவருக்குப் பத்து வயது இருந்திருக்குமோ என்னவோ. இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கத் துண்டு எழுதினார்.

படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்தது. இடுப்பு மூட்டுக்குள்ளேயே கிடக்கிறது. நிலக்கடலை அளவு ஒன்று, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிதறிய துகள். டொக்டர் படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு கதிரையை ரூபிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

"வயித்துக்க முறுக்கிக் குத்துமோ?"

"ஓம்."

"வாயில இரும்பு மாதிரி ருசி?"

"ஓம்... ஓம், டொக்டர்."

"மறதி? கோபம் கெதியா வருமோ? இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் ஏறேல்லையோ?"

"ஓம். ஓம்." அவள் சிரித்தாள், கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறார். மூட்டு நீரில் கிடந்த சன்னத்தில் இருந்து ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறியிருக்கலாம், வயிறும் கையும் தலையும் எல்லாம் அந்த நஞ்சாக இருக்கலாம் என்றார். ஆனால் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி மறுமொழி வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒரு மாதம் ஆகும்.

திரும்பி வரும் பஸ் பரந்தன் தாண்டியது. ரூபி யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கழுத்துக்குப் படம் எடுத்தினமெல்லே, அண்டைக்கு நான் சொல்லத்தான் வாயெடுத்தனான், மச்சாள். இடுப்பு மூட்டுக்க நோகுது, அதுக்க ஒண்டு கிடக்கெண்டு. நீங்கள் முந்திட்டியள்."

என்னை, தவமலரை, வாயடைக்கப் பண்ணினவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்த மாதம் முழுக்க நான் யாரையும் ஏசவில்லை. ஏழு பேர் ஏழு பேர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, எட்டாவது ஆளாக நானே வீட்டுக்குள் இருந்தேன். அன்றைக்கு வட்டுவாகலில் நான் சொன்னது சரி என்று இப்போதும் சொல்வேன், ஆயிரம் தரம் சொல்வேன். ஆனால் அதை எப்போது நிற்பாட்டவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தெரியவில்லை. என்னை அப்படி ஆக்கினவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான், அது ஆறாது.

மறுமொழி ஒரு மாதத்தில் வரவில்லை, ஏழு கிழமையில் வந்தது. இருக்கவேண்டியதைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஈயம். முதலில் மருந்து கொடுத்து இரத்தத்தில் இருப்பதைக் குறைத்து, பிறகு ஒப்பரேசன் செய்து சன்னத்தை எடுக்கவேண்டும் என்றார் அந்தச் சின்ன டொக்டர்.

"கை திரும்பி வருமோ?" என்று ரூபி கேட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"ஒண்டரை வருசம் முந்தித் தெரிஞ்சிருந்தா ஓம் எண்டு சொல்லியிருப்பன். இப்ப பாப்பம். விரலை நிமித்தி நிமித்திப் பழக்குங்கோ."

ஒன்றரை வருடம் முந்தி என்றால் கழுத்து எக்ஸ்ரே எடுத்த நாள். ரூபி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மருந்து முடிந்து, போன மாதம் ஒப்பரேசனுக்கு அனுமதிக்கப் போனோம். வாட்டு வாசலில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி படிவத்தைக் கொடுத்தாள். ரூபியின் தொங்குகிற கையைப் பார்த்தாள், மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்து வைக்கேலாதெண்டால் பெருவிரலை வையுங்கோ."

"எனக்கு எழுதத் தெரியும்" என்றாள் ரூபி.

இடது கையில் பேனையைப் பிடித்தாள். அந்தக் கையால் அவள் எழுதி நான் கண்டதில்லை. கையெழுத்துக்குப் போகமுதல் படிவத்தின் நடுவில் நின்றாள். பழைய காயங்கள், சிகிச்சைகள் என்று ஒரு வரி, பக்கத்தில் வெற்றிடம்.

"அதை நாங்கள் நிரப்புவம். சொல்லுங்கோ, எழுதுறன்" என்று மிஸ்ஸி கையை நீட்டினாள்.

"இல்லை மிஸ்ஸி, இதை நான் எழுதவேணும்."

நான் உதவிக்கு வாயெடுத்தேன். ரூபி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் குனிந்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 2009 வைகாசி. துவக்குச் சூடு. வலது இடுப்பு. எழுத்துகள் கோணல்மாணலாகக் கோட்டை விட்டு இறங்கிப் போயின. பின்னால் நின்ற ஒரு மனிசன், எவ்வளவு நேரம் அம்மா என்று முணுமுணுத்தார். அவள் திரும்பவில்லை. கீழே தன் பெயரை முழுதாக எழுதி, பேனையை மூடி, படிவத்தைத் தானே மிஸ்ஸியின் கையில் கொடுத்தாள்.